தரையில் இறங்கிய மாலுமிகள்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் 1943 நவம்பரில் பசிபிக் கடலில் நடந்த டராவா தீவுச் சண்டையைப் பற்றி எழுதினேன். அங்கே அமெரிக்க மரைன்களை (கடல்வழி வந்து கரையிறங்கிச் சண்டை போடும் படையினரை) எதிர்த்து நின்றவர்களில் பெரும்பாலோர் ஜப்பான் கடற்படையைச் சேர்ந்த தரைப்படையினர் என்று போகிறபோக்கில் ஒரு வரி. கட்டுரையை விட்டுவிட்டு எல்லோரும் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டீர்கள். வந்த கடிதங்களில் முக்கால்வாசி தொப்பி, சட்டை, துப்பாக்கி, செருப்பு பற்றியவை. போர் பொம்மைகளுக்குச் சாயம் பூசியே கண்ணைக் கெடுத்துக்கொண்டவனிடம் இதையெல்லாம் கேட்டால் விடுவேனா? இந்த இதழில் வேறு விஷயமே கிடையாது.

கேள்வி (வரலாறு படிக்கும் மாணவி): ஒரு படத்தில் ஜப்பானிய வீரரின் ஹெல்மெட்டில் நட்சத்திரம் இருக்கிறது, இன்னொரு படத்தில் நங்கூரம். இரண்டும் ஒரே படையா? ஜப்பானுக்கு அமெரிக்காவைப் போல மரைன் படை இருந்ததா?

நட்சத்திரம் ராணுவம், நங்கூரம் கடற்படை. ஜப்பானியப் படம் எது கையில் கிடைத்தாலும் நான் முதலில் நெற்றியைத்தான் பார்ப்பேன். நங்கூரத்தின் நடுவில் ஒரு செர்ரிப்பூ இருக்கும். படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் பூ தெரியாது, நங்கூரத்தின் வளைந்த கீழ்க்கொம்பு தெரியும். அது போதும்.

மரைன் படை இருந்ததா என்றால், இருந்தது. ஆனால் நீங்கள் நினைக்கும் காலத்தில் இல்லை. 1870களில் கடல்சிப்பாய்களுக்கென்று தனிப்படை ஒன்றை வைத்திருந்து, சில ஆண்டுகளிலேயே கலைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு கரையில் சண்டை என்றால் கப்பலில் இருக்கும் மாலுமிகளிடமே துப்பாக்கியைக் கொடுத்து இறக்கிவிடுவார்கள். நேற்றுவரை பாய்லர் பக்கம் நின்றவன் இன்று தெருமுனையில் மணல்மூட்டைக்குப் பின்னால் படுத்திருப்பான். இது சரிப்படாது என்று தெரிந்த பிறகு, கடற்படைத் தளங்களிலேயே ஆள் பொறுக்கி, காலாட்படைப் பயிற்சி கொடுத்து, தனித்தனிப் பிரிவுகளாகக் கட்டினார்கள். ‘சிறப்புக் கடற்படைத் தரையிறங்கு படை’ என்று பெயர். எந்தத் தளத்தில் கட்டினார்களோ அந்த ஊர்ப் பெயரும் ஒரு எண்ணும் சேரும்: குரே 5, சசெபோ 7, யோகோசுகா 1, மாய்சுரு 2. (மாய்சுரு ஜப்பான் கடற்கரை ஊர். ஒருவர் கடிதத்தில் ‘மைசூர் பட்டாளம்’ என்று எழுதியிருக்கிறார். இல்லை ஐயா.)

இவர்களில் விதிவிலக்கு ஷாங்காய் பிரிவு. 1932 ஜனவரி 28 அன்று அந்த நகரத்தில் சீனப் படையோடு மோதல் வெடித்தது. அந்த ஆண்டே ஷாங்காயில் நிரந்தரமாக ஒரு பிரிவை உட்கார வைத்துவிட்டார்கள். 1937 ஆகஸ்ட் 9 அன்று அந்தப் பிரிவின் அதிகாரி ஓயாமா இசாவோ ஹாங்சியாவ் விமானதளத்தருகே சுட்டுக் கொல்லப்பட்டார். நான்கு நாளில் நகரம் முழுக்கச் சண்டை. அந்தச் சண்டையின் படங்களைப் பார்க்கும்போது ஒரு விஷயம் குழப்பும்: ஜெர்மன் ஹெல்மெட் போட்டவர்கள் சீனர்கள்! சீனாவின் சிறந்த டிவிஷன்களுக்கு அப்போது ஜெர்மானியர்கள்தான் பயிற்சி கொடுத்தார்கள். வட்டச் சட்டியைக் கவிழ்த்ததுபோல் ஹெல்மெட் போட்டு, நெற்றியில் நங்கூரம் இருந்தால் அவர் ஜப்பானிய மாலுமி.

ஆக, கடைசி வரைக்கும் இவர்கள் மாலுமிகள்தான். பதவிப் பெயர் கடற்படையுடையது, சம்பளப் பட்டியல் கடற்படையுடையது, உத்தரவு அட்மிரலிடமிருந்து வரும். இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்ற கேள்விகளில் பாதிக்குப் பதில் தானாகவே கிடைக்கும்.

கேள்வி (பள்ளி ஆசிரியர்): மாலுமி என்றால் வெள்ளை உடுப்புதானே? வெள்ளை உடுப்பிலா சண்டை போட்டார்கள்?

ஆரம்பத்தில் கிட்டத்தட்ட அப்படித்தான். கோடையில் வெள்ளை, குளிர்காலத்தில் கருநீலம். பின்பக்கம் சதுரமாகத் தொங்கும் மாலுமிக் காலர், கீழே கேன்வாஸ் கால் உறை, இடுப்பில் பழுப்புத் தோல்வார், தலையில் இரும்பு ஹெல்மெட். 1932 ஷாங்காய்ச் சண்டை ஜனவரி குளிரில் நடந்ததால் படங்களில் கருநீலம். மாலுமிக் காலரும் இரும்பு ஹெல்மெட்டும் ஒரே ஆளிடம் பார்க்க விநோதமாக இருக்கும். என்னைக் கேட்டால் இந்தப் படையின் உடுப்பில் கண்ணுக்கு அழகானது அதுதான். சண்டைக்கு உதவாது என்பது வேறு விஷயம். செங்கல் சுவரோரம் நகரும்போது கருநீலம் பளிச்சென்று தெரியும், வெள்ளையைச் சொல்லவே வேண்டாம்.

அதனால் 1930களிலேயே தரைச் சண்டைக்கென்று பச்சை உடுப்பு வந்துவிட்டது. கழுத்து திறந்த கோட்டு, உள்ளே சட்டை. அதிகாரியாக இருந்தால் டையும் உண்டு. ராணுவத்தின் உடுப்பு காக்கிப் பழுப்பு, கழுத்துவரை மூடியது, காலரில் சிவப்புப் பட்டை. கறுப்புவெள்ளைப் படத்தில் நிறம் தெரியாதே என்று கவலைப்பட வேண்டாம், கழுத்தைப் பாருங்கள். இந்தப் பச்சை உடுப்பு போகப்போகக் கடற்படை முழுக்கப் பரவியது. 1944-இல் ‘மூன்றாம் வகைச் சீருடை’ என்ற பெயரில் மொத்தக் கடற்படைக்குமே அதிகாரபூர்வமாகிவிட்டது. கப்பல்கள் மூழ்க மூழ்க, கப்பலில் இருக்க வேண்டியவர்கள் தரையில் குழி வெட்டிக்கொண்டிருந்த காலம் அது.

கேள்வி (மாடல் செய்யும் இளைஞர்): டராவா தீவில் இருந்த கடற்படைச் சிப்பாய் ஒருவரை 1/35 அளவில் செய்கிறேன். என்ன நிறம், என்ன சின்னம்? எல்லாப் பெட்டியிலும் வேறுவேறு மாதிரி போட்டிருக்கிறார்கள்.

பெட்டிப் படத்தை நம்பாதீர்கள். பெட்டிக்குப் படம் வரைகிறவருக்கும் சாப்பாடு வேண்டும், கண்ணைப் பறிக்கிற மாதிரி வரைந்தால்தான் விற்கும்.

சட்டையும் கால்சட்டையும் பச்சை. ஒரே பச்சையாகப் பூசாதீர்கள். போர்க்காலச் சாயம் சுமாரானது, வெயிலும் உப்புக்காற்றும் சேர்ந்து வெளுத்துவிடும். தோள், முழங்கால், முதுகுப்பக்கம் மட்டும் மஞ்சள் கலந்த வெளிர்பச்சைக்குப் போங்கள். அக்குள், பை மடிப்பின் அடியில் பழைய பச்சை அப்படியே இருக்கட்டும். டராவா பூமத்திய ரேகைக்குப் பக்கத்துத் தீவு. கோட்டைக் கழற்றிவிட்டு வெறும் சட்டையோடு நிற்பவராகச் செய்தாலும் தவறில்லை.

தொப்பியில்தான் பலரும் வழுக்குவார்கள். ஹெல்மெட்டுக்குப் பதில் துணித்தொப்பி போடுவதாக இருந்தால், முன்னால் சின்ன விளிம்பு, நடுவில் நங்கூரச் சின்னம். தொப்பியைச் சுற்றிக் கருநீலக் கோடு இரண்டு இருந்தால் அதிகாரி, ஒன்று இருந்தால் சிறு அதிகாரி, கோடே இல்லாவிட்டால் சாதாரண மாலுமி. நான் பார்த்த பொம்மைகளில் பாதியில் சாதாரண மாலுமிக்கு இரண்டு கோடு போட்டிருந்தார்கள். துப்பாக்கி தூக்கி ஓடுகிறவரை லெஃப்டினன்ட் ஆக்கிவிட்டார்கள், பாவம்.

அடுத்து மேற்கையில் பதவிச் சின்னம். இங்கே தேதி முக்கியம். 1942 நவம்பர் வரை அது வட்டத் துணி. அதற்குப் பிறகு கேடயம்போல் கீழே கூம்பும் வடிவம், கறுப்புத் துணியில் மஞ்சள் நங்கூரம், பதவிக்கேற்பக் குறுக்குக் கோடுகள், நடுவில் ஒரு பூ. பூவின் நிறம் அவர் செய்யும் வேலையைக் காட்டும். உங்கள் ஆள் 1943 நவம்பரில் நிற்கிறார், அதனால் கேடயம்தான். 1942 ஆகஸ்டில் நியூகினியின் மில்னே விரிகுடாவில் இறங்கிய குரே 5 பிரிவுக்காரரைச் செய்தால் வட்டம். 1/35-இல் இந்தச் சின்னம் அரிசிமணி அளவுகூட வராது. முதலில் கறுப்பை வைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு மிக மெல்லிய தூரிகையில் மஞ்சளை ஒரே ஒரு புள்ளியும் ஒரு கோடுமாக இழுத்தால் போதும். நங்கூரத்தை வரைய முயன்றால் அது நண்டு ஆகிவிடும்.

மார்பில் வெள்ளைத் துணித்துண்டு ஒன்றைத் தைத்து அதில் பெயர், பிரிவு எழுதிக்கொள்வது இவர்களிடம் சகஜம். செய்து பாருங்கள், மொத்தப் பொம்மையும் உயிர் பெறும்.

காலுக்குக் கேன்வாஸ் உறை கடற்படை வழக்கம். ராணுவம் கம்பளிப் பட்டையைக் கணுக்காலிலிருந்து முழங்கால் வரை சுற்றிக்கொள்ளும். ஆனால் போர் நீள நீளக் கடற்படைக்காரர்களும் பட்டையைச் சுற்ற ஆரம்பித்துவிட்டார்கள். கிடைத்ததைக் கட்டிக்கொண்ட காலம். இரண்டில் எதைச் செய்தாலும் யாரும் உங்களைக் குறை சொல்ல முடியாது.

இடுப்புவாரில் தோட்டாப் பெட்டிகள் மூன்று. முன்னால் இரண்டு, ஒவ்வொன்றிலும் 30 தோட்டா. பின்னால் பெரியது ஒன்று, 60 தோட்டா. பின்பெட்டியின் ஓரத்தில் சின்ன எண்ணெய்க் குப்பி செருகியிருக்கும், துப்பாக்கிக்குப் போட. தோல் என்றால் சிவந்த பழுப்பு. வெப்பத்தீவுகளில் தோல் பூஞ்சை பிடித்து வெடித்துப்போகும் என்பதாலும், தோலே கிடைக்காமல் போனதாலும், பிற்பாடு ரப்பர் பூசிய கேன்வாஸில் அதே பெட்டிகளைச் செய்தார்கள். அதற்கு மங்கலான காக்கி பூசுங்கள், பளபளப்பு வேண்டாம்.

ஹெல்மெட் மேல் வலை போட்டு, வலைக்குள் இலை தழை செருகலாம். தாடைக்கு வார் கிடையாது. நீளமான துணி நாடாக்களை ஹெல்மெட்டின் வளையங்களில் கோத்து, மோவாய்க்குக் கீழே இழுத்து முடிச்சுப் போடுவார்கள். பழைய சாமுராய்க் கவசத்தில் கட்டுகிற பாணி. பொம்மையில் இந்த முடிச்சை மாவுப் பசையால் தனியாகச் செய்து ஒட்டினால்தான் எடுபடும்.

செய்து முடித்துவிட்டுப் படம் அனுப்புங்கள். ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன், கத்தியை உயர்த்தி வாய் திறந்து கத்துகிற மாதிரி வேண்டாம். அந்தத் தீவில் அவர்கள் பெரும்பாலும் தென்னந்தடியும் மணலும் கான்கிரீட்டும் வைத்துக் கட்டிய பதுங்குகுழிக்குள் இருந்தே சுட்டார்கள். மொத்தக் காவற்படையில் உயிரோடு பிடிபட்டவர்கள் 17 ஜப்பானிய வீரர்களும் 129 கொரியத் தொழிலாளர்களும்தான்.

கேள்வி (இல்லத்தரசி): வாள் இல்லாத ஜப்பானிய அதிகாரியே கிடையாதா?

படமெடுக்கும்போது கிடையாது.

சரி, கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். 1937-இல் கடற்படை அதிகாரிகளுக்குத் தனி மாதிரி வாள் வந்தது. உறை பெரும்பாலும் கறுப்பு அரக்குப் பூச்சு, இடுப்பில் மாட்ட இரண்டு வளையம், கைக்காப்புத் தட்டில் சூரியக்கதிர் பொறித்திருக்கும். ராணுவ வாளில் எங்கு பார்த்தாலும் செர்ரிப்பூ. எனக்குப் பிடித்த விஷயம் அலகு: கடற்படை வாள்களில் கணிசமானவை துருப்பிடிக்காத எஃகில் செய்தவை. உப்புக்காற்றில் நல்ல எஃகு வாள் ஒரு மழைக்காலம் தாங்காது. டொயோகாவா கடற்படை ஆயுதசாலையில் செய்த வாளில் வட்டத்துக்குள் நங்கூரம் குத்தியிருக்கும். ‘முன்னோர் வாள்’ என்று உணர்ச்சிவசப்பட்டு ஏலத்தில் எடுக்கிறார்களே, அதில் பல தொழிற்சாலைச் சரக்கு.

கேள்வி (ஓய்வுபெற்ற ஆயுதப்படைக் காவலர்): துப்பாக்கிகளைப் பற்றி எழுதுங்கள். ‘92 வகை இயந்திரத் துப்பாக்கி’ என்று ஒரு நூலில் ஒரு மாதிரி படம், இன்னொரு நூலில் வேறு மாதிரி. எது சரி?

இரண்டும் சரி! இதுதான் ஜப்பானியப் படைகளின் லட்சணம்.

முதலில் எண்ணைச் சொல்லிவிடுகிறேன். ஜப்பானியப் பேரரசு ஆண்டுக்கணக்கில் 1932 என்பது 2592. கடைசி இரண்டு எண்ணை எடுத்து அந்த ஆண்டு ஏற்ற ஆயுதத்துக்கெல்லாம் 92 என்று பெயர் வைத்தார்கள். ராணுவம் அந்த ஆண்டு ஒரு கனமான இயந்திரத் துப்பாக்கியை ஏற்றது. முக்காலியோடு சேர்த்தால் சுமார் 55 கிலோ, 30 தோட்டா அடுக்கிய உலோகத் தகட்டைப் பக்கவாட்டில் செருகிச் சுட வேண்டும். டொக்டொக் என்று நிதானமாகச் சுடும் சத்தத்தைக் கேட்டு எதிரிகள் மரங்கொத்தி என்று பெயர் வைத்தார்கள். கடற்படையும் 92 என்ற பெயரில் ஒன்றை ஏற்றது. அது பிரிட்டனின் லூயிஸ் துப்பாக்கியை உரிமம் வாங்கிச் செய்தது. மேலே தட்டையான வட்டத் தோட்டாத் தட்டு, குழலைச் சுற்றிப் பருத்த உறை. ஒரே பெயர், ஒரே நாடு, உருவத்தில் ஒட்டுறவே இல்லை.

இதைவிடக் கூத்து தோட்டா. இரண்டுமே 7.7 மில்லிமீட்டர்தான். ஆனால் கடற்படைத் தோட்டா பிரிட்டிஷ் .303 தோட்டாவேதான், அடியில் விளிம்பு புடைத்திருக்கும். ராணுவத்தின் 92-க்குப் பாதி விளிம்பு. 1939-இல் வந்த 99 வகை ரைஃபிளின் தோட்டாவுக்கு விளிம்பே கிடையாது. ஒரு தீவில் ராணுவமும் கடற்படையும் பக்கத்துப் பக்கத்துக் குழியில் இருக்கும்போது தோட்டா தீர்ந்தால், ‘7.7 கொடு’ என்று கேட்டுப் பயனில்லை. பிரிட்டிஷ் கிடங்கு எதையாவது பிடித்தால் கடற்படைக்காரனுக்குக் கொண்டாட்டம், அங்கே கிடக்கும் தோட்டா அவன் துப்பாக்கிக்குள் அப்படியே போகும்.

ரைஃபிள் கதையும் சுவையானது. 1905-இல் வந்த 38 வகை ரைஃபிள்தான் ரொம்ப நாள் கையிருப்பு. (இந்த 38 பழைய கணக்கு, மெய்ஜி ஆட்சியின் 38ஆம் ஆண்டு.) 6.5 மில்லிமீட்டர், நீளம் கிட்டத்தட்ட 1.28 மீட்டர். முனையில் கத்தியைச் செருகினால் 1.66 மீட்டர் ஆகிவிடும், பல மாலுமிகளின் உயரத்தைவிட அதிகம். ஷாங்காய்ச் சந்துகளில் அதைத் தூக்கிக்கொண்டு திரும்புவதே பெரும்பாடாக இருந்திருக்கும்.

1937-இல் சீனாவோடு முழுப்போர் மூண்டதும் ஆயுதசாலைகளில் செய்வதெல்லாம் ராணுவத்துக்கே பத்தவில்லை. கடற்படை என்ன செய்தது தெரியுமா? இத்தாலிக்கு ஆர்டர் கொடுத்தது. அங்கே 1938, 1939-இல் பல்லாயிரம் ரைஃபிள்கள் செய்து அனுப்பினார்கள். வெளித்தோற்றம், தோட்டா எல்லாம் ஜப்பானிய 38 போலவே இருக்கும். உள்ளே சுடும் விசையும், தோட்டாவை உள்ளே தள்ளும் போல்ட்டும் இத்தாலியின் கார்க்கானோ ரைஃபிளுடையவை. ஜப்பானில் செய்த ரைஃபிளின் மேல் பேரரசரின் செவ்வந்திப்பூ முத்திரை இருக்குமே, இதில் இருக்காது. பூ இல்லாததைப் பார்த்து, ஜப்பான் தோற்ற பிறகு அதை ராவிவிட்டார்கள் என்று சிலர் சொல்வார்கள். ராவியிருந்தால் தடம் தெரியும். இந்த ரைஃபிளில் அந்த இடம் வழவழவென்று இருக்கும்.

இவை போக, 1920களில் சுவிட்சர்லாந்தில் செய்த பெர்க்மன் சப்மெஷின் துப்பாக்கிகளையும் (கையில் பிடித்துச் சரமாரியாகச் சுடும் குட்டி இயந்திரத் துப்பாக்கி) கடற்படை வாங்கி வைத்திருந்தது. மரக்கட்டை, துளையிட்ட குழல் உறை, பக்கவாட்டில் நீட்டிய தோட்டா மேகசின். தெருச்சண்டைக்கு அருமையான ஆயுதம். ராணுவம் தன் 100 வகை சப்மெஷின் துப்பாக்கியைக் கொண்டுவர 1940 ஆனது. அதற்கு முன்பே மாலுமிகள் ஷாங்காய் தெருக்களில் சப்மெஷின் துப்பாக்கியோடு சுற்றிக்கொண்டிருந்தார்கள். ரோந்துக்குப் பிரிட்டனில் வாங்கிய கிராஸ்லி கவச கார்கள் வேறு. ஆக, இத்தாலிய ரைஃபிள், சுவிஸ் சப்மெஷின், பிரிட்டிஷ் லூயிஸ், பிரிட்டிஷ் கார். ராணுவத்திடம் கைநீட்டக் கூடாது என்பதற்காக உலகம் முழுக்கக் கடை கடையாக ஏறி இறங்கியிருக்கிறார்கள்.

கேள்வி (பழம்பொருள் சேகரிப்பவர்): நங்கூரச் சின்னம் உள்ள ஹெல்மெட் ஒன்று இணையத்தில் விற்பனைக்கு இருக்கிறது. வாங்கலாமா?

படத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் சந்தேகப்படச் சொல்வேன். ராணுவ ஹெல்மெட் நிறையக் கிடைக்கும், கடற்படையுடையது அரிது, விலையும் அதற்கேற்ப. நட்சத்திரத்தைப் பிடுங்கிவிட்டு நங்கூரத்தை ஒட்டுவது சுலபமான வியாபாரம். சின்னம் இருக்கும் இடத்தை உள்ளும் புறமும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நட்சத்திரம் பல்லாண்டு இருந்திருந்தால் அதன் முனைகளின் நிழல் சாயத்தில் விழுந்திருக்கும். சின்னத்தின் பின்கால்களைச் சுற்றி உள்ளே துரு ஒரே சீராகப் படிந்திருக்க வேண்டும். பளிச்சென்று புதுக்கீறல் இருந்தால் ஒதுங்குங்கள். உள்விளிம்பில் மைகொண்டு குத்திய நங்கூர முத்திரை பல கடற்படை ஹெல்மெட்டுகளில் உண்டு. அதையும் இப்போது போலியாகக் குத்துகிறார்கள். குறையே இல்லாமல் எல்லாம் அம்சமாக இருந்தால் எனக்கு இன்னும் பயம்.

கேள்வி (செவிலியர்): கட்டைவிரல் தனியாகப் பிரிந்த செருப்பு மாதிரி ஒன்றைப் போட்டிருக்கிறார்களே, சண்டைக்கு அதுவா காலணி?

சண்டைக்கு முறையான காலணி தோல் பூட்ஸ்தான். நீங்கள் பார்த்தது ஜிகதாபி. மேலே கேன்வாஸ், கீழே ரப்பர், கட்டைவிரலுக்குத் தனி அறை. ஜப்பானில் கட்டுமானத் தொழிலாளரும் விவசாயியும் போடுவது. 1920களில் ரப்பர் அடியை நன்றாக ஒட்டி இதைப் பெருவாரியாக விற்றவர் இஷிபாஷி ஷோஜிரோ. அந்த ரப்பர் அனுபவத்தோடு பிறகு டயர் செய்யப் போனார், அதுதான் பிரிட்ஜ்ஸ்டோன். முகாமில் ஓய்வாக இருக்கும்போது போட, மரமேற, சத்தமில்லாமல் நடக்க வசதியானது. தோல் தட்டுப்பாடு வந்த பிறகு பலருக்கு அதுவே நிரந்தரக் காலணி ஆகிவிட்டது. ஈரமண்ணில் அதன் தடம் தனியாகத் தெரியும். காட்டில் ரோந்து போன நேச நாட்டு வீரர்களுக்கு அது நல்ல துப்பு.

கேள்வி (கல்லூரி மாணவர்): கடற்படையில் பாராசூட் வீரர்கள் இருந்தார்களாமே?

இருந்தார்கள், ராணுவத்துக்கும் முந்திக்கொண்டார்கள். 1942 ஜனவரி 11 அன்று யோகோசுகா 1 பிரிவின் 300-க்கும் மேற்பட்டோர் இன்றைய இந்தோனேசியாவின் செலிபஸ் தீவில் மெனாடோ பக்கம் டச்சு விமானதளத்தில் குதித்தார்கள். ஜப்பானின் முதல் பாராசூட் தாக்குதல் அதுதான். ராணுவம் சுமத்ராவின் பலெம்பாங்கில் குதித்தது பிப்ரவரி 14. மெனாடோவுக்குப் போகும் வழியிலேயே கடற்படைப் பாராசூட் வீரர்களின் விமானம் ஒன்றைத் தங்கள் கடற்படை விமானமே எதிரி என்று நினைத்துச் சுட்டு வீழ்த்திவிட்டது.

உடுப்பு நிறையப் பைகள் தைத்த பச்சைச் சட்டை. பை ஏன் என்றால், குதிக்கும்போது ஒருவன் கையில் இருந்தது கைத்துப்பாக்கியும் எறிகுண்டும்தான். ரைஃபிளும் இயந்திரத் துப்பாக்கியும் தனிப்பெட்டிகளில் தனிப் பாராசூட்டில் வரும். தரையில் இறங்கியவுடன், சுட்டுக்கொண்டிருக்கும் எதிரிக்கு நடுவே, தன் ரைஃபிள் எங்கே விழுந்தது என்று தேட வேண்டும். இந்த ஏற்பாட்டை யோசித்தவர் அந்த விமானத்தில் இருந்திருக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன். தலைமை தாங்கிய ஹொரியுச்சி டொயோஅகி தானும் குதித்தார். அங்கே கைதிகள் கொல்லப்பட்டதற்காகப் போருக்குப் பின் டச்சு நீதிமன்றம் அவருக்கு மரணதண்டனை விதித்து 1948-இல் நிறைவேற்றியது.

கேள்வி (தையல் தெரிந்த வாசகி): இடுப்பில் சிவப்புப் புள்ளிபோட்ட துணி கட்டியிருப்பதைப் பார்த்தேன். அதுவும் சீருடையா?

சீருடை இல்லை, வீட்டிலிருந்து வந்தது. ஆயிரம் தையல் துணி. ஒவ்வொரு புள்ளியும் ஒரு பெண் போட்ட சிவப்பு நூல் முடிச்சு. தாயோ மனைவியோ தெருமுனையில், ரயில் நிலைய வாசலில் நின்று, போகிற வருகிற பெண்களிடமெல்லாம் ஆளுக்கு ஒரு முடிச்சு கேட்பார்கள். புலி ஆண்டில் (அவர்கள் கணக்கில் ஒவ்வொரு ஆண்டுக்கும் ஒரு விலங்கின் பெயர்) பிறந்த பெண் கிடைத்தால் யோகம், அவள் மட்டும் தன் வயது எத்தனையோ அத்தனை முடிச்சு போடலாம். புலி ஆயிரம் காதம் போனாலும் திரும்பி வரும் என்று நம்பிக்கை. தையல் தெரிந்தவர் என்பதால் சொல்கிறேன்: நல்ல படம் கிடைத்தால் முடிச்சுகளை உற்றுப் பாருங்கள். ஒன்று இறுக்கம், ஒன்று தளர்வு, ஒன்று வரிசை விலகி நிற்கும். எல்லாம் ஒரே சீராக இருந்தால் ஒரே கை போட்டது, பெரும்பாலும் விற்பனைக்குச் செய்தது. வெப்பத்தீவுகளில் அந்தத் துணிக்குள் பேன் குடியேறியதும் உண்டு.

கேள்வி (முதியவர்): அந்தமானைப் பிடித்தது ராணுவமா, கடற்படையா?

1942 மார்ச் 23 அன்று போர்ட் பிளேரில் இறங்கியபோது இருவரும் இருந்தார்கள். பிரிட்டிஷ் படை முன்பே கிளம்பிவிட்டதால் சண்டை இல்லை. அதன் பிறகு தீவு கடற்படையின் பொறுப்பு. நேதாஜி 1943 டிசம்பர் கடைசியில் அங்கே போய்க் கொடியேற்றிய படங்களில் நங்கூரச் சின்னங்களைப் பார்க்கலாம். நேதாஜியின் ஆசாத் ஹிந்த் அரசின் சார்பில் பொறுப்பேற்கப் போன ஏ. டி. லோகநாதனிடம் கல்வித் துறையைத் தவிர உருப்படியாக எதையும் கடற்படை ஒப்படைக்கவில்லை. கொடி பறந்த அடுத்த மாதமே, 1944 ஜனவரி 30 அன்று, அந்தமானின் ஹோம்ஃப்ரேகஞ்சில் 44 இந்தியர்களை உளவாளிகள் என்று சொல்லிச் சுட்டுக் கொன்றார்கள். உடுப்பை ரசித்து இவ்வளவு எழுதுகிறேனே, அதைப் போட்டவர்கள் செய்ததும் எனக்குத் தெரியும். 1945 பிப்ரவரியில் மணிலா நகரத்தில் பொதுமக்கள் சுமார் ஒரு லட்சம் பேர் செத்தார்கள். அங்கே நகரத்துக்குள் நின்று கொன்றவர்களில் பெரும்பகுதி ரியர் அட்மிரல் இவாபுச்சி சஞ்சியின் கடற்படைக்காரர்கள்தான்.

கேள்வி (பொறியாளர்): போர் முடியும்போது இவர்களிடம் என்ன மிச்சம் இருந்தது?

ஒகினாவாவைப் பாருங்கள். 1945-இல் ஒரோகு தீபகற்பத்தில் ரியர் அட்மிரல் ஓதா மினோருவின் கீழ் சுமார் 10,000 பேர். ஓதா இந்தத் துறையில் ஊறியவர், முன்பு சாலமன் தீவுகளின் நியூ ஜார்ஜியாவில் தரையிறங்கு படைகளை நடத்தியவர். அவர் கையில் கொடுத்த ஆட்களோ விமானத்தளப் பணியாளர், கட்டுமானக்காரர், உள்ளூரில் சேர்த்தவர்கள். பலருக்கு ரைஃபிள் இல்லை. உடைந்த விமானங்களிலிருந்து இயந்திரத் துப்பாக்கிகளைக் கழற்றித் தரையில் தாங்கி வைத்துச் சுட்டார்கள், மூங்கில் ஈட்டியும் இருந்தது. ஜூன் 6 அன்று ஓதா டோக்கியோவுக்கு அனுப்பிய தந்தியில் தன் படையைப் பற்றிச் சொன்னதைவிட ஒகினாவா மக்கள் பட்ட பாட்டைத்தான் அதிகம் சொன்னார். ஜூன் 13 அன்று தற்கொலை செய்துகொண்டார். அவருடைய சுரங்கத் தலைமையகம் தொமிகுசுகுவில் இன்றும் இருக்கிறது, பார்க்கலாம்.

கேள்வி (பத்தாம் வகுப்பு மாணவன்): ராணுவத்துக்கும் கடற்படைக்கும் அவ்வளவு ஆகாதா சார்?

ஆகாதுதான் தம்பி. கடற்படை தனக்கென்று ஒரு டாங்கி செய்துகொண்டது, முன்னும் பின்னும் மிதவை மாட்டிக் கடலில் நீந்தி வரும், ‘கா-மி’ என்று பெயர். ராணுவமும் தனக்கென்று நீர்மூழ்கிக் கப்பல்களே கட்டிக்கொண்டது. அவற்றில் சில மணிலா வரை போயின.